தஹாப்: முதலில் கடல், பிறகு மலை

எகிப்தின் தெற்கு சினாயில், அகபா வளைகுடாக் கரையில் இருக்கிறது தஹாப். ஷர்ம் எல்-ஷேக் விமான நிலையத்திலிருந்து சாலை வழியே சுமார் 90 கிலோமீட்டர். அரபியில் 'தஹாப்' என்றால் தங்கம். கடற்கரை நடைபாதையில் நின்றால் முன்னால் பத்தடியில் பவளப்பாறை, பின்னால் ஒரு புல்கூட முளைக்காத மலைத்தொடர். காற்று நிரப்பிய டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கலாம். படகு வேண்டாம், படகுக் கூலியும் வேண்டாம்.

இந்த நெருக்கம்தான் தஹாபின் பெருமை. இங்கே வருபவர்கள் செய்யும் பெரிய தவறுக்கும் இதுவே காரணம். காலையில் ப்ளூ ஹோல் என்ற கடற்குழியில் டைவ், அன்று இரவு 11 மணிக்கு வேன் ஏறி சினாய் மலையில் சூரிய உதயம் என்று ஒரே நாளில் இரண்டையும் வாங்கிவிடுகிறார்கள். தங்கும் விடுதியில் சுற்றுலா விற்பவர் பெரும்பாலும் டைவர் அல்ல, நீங்கள் காலையில் 28 மீட்டர் ஆழத்துக்குப் போய்வந்தது அவருக்குத் தெரியாது. டைவ் சென்டரில் இருப்பவருக்கோ நீங்கள் இரவு மலைக்குப் போவது தெரியாது. இரண்டு பக்கமும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

சினாய் மலை 2285 மீட்டர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். பறக்கும் விமானத்தின் கேபினுக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவு. டைவ் முடித்ததும் உடனே விமானம் ஏறக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆழத்தில் திசுக்களில் கரைந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேறும் முன் வெளியழுத்தம் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள் குமிழிகள் உண்டாகும். விமானத்துக்குப் பொருந்தும் அதே கணக்கு மலைக்கும் பொருந்தும் என்பது மட்டும் பலருக்கு உறைப்பதில்லை. உச்சிவரை போக வேண்டியதுகூட இல்லை. மலையடிவாரத்தில் இருக்கும் செயின்ட் கேத்தரின் ஊரே 1500 மீட்டருக்கு மேல். வேனில் தூங்கிக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் அங்கே போய்விடுவீர்கள்.

கடைப்பிடிக்க வேண்டிய இடைவெளிகள் இவை: நைட்ரஜன் வெளியேற மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்கும் டிகம்ப்ரெஷன் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து சில நாட்கள் டைவ் என்றால் குறைந்தது 18. டிகம்ப்ரெஷன் நிறுத்தம் செய்திருந்தால் அதற்கும் வெகு அதிகம். தஹாபுக்கு வருபவர்களில் அநேகமாக எல்லோரும் நாளுக்கு இரண்டு டைவ் வீதம் பல நாள் போகிறவர்கள். ஆகவே 24 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. விமானத்தில் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், மலையிலோ மூன்று மணி நேரம் மூச்சு வாங்க ஏறுவீர்கள்.

இதை வைத்து 7 இரவுப் பயணத்தை இப்படி அடுக்கலாம். முதல் நாள் வந்து இறங்குவது, தூங்குவது. 2 முதல் 5 வரை டைவ். ஐந்தாம் நாள் கடைசி டைவை நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். ஆறாம் நாள் டேங்கைத் தொடக்கூடாது. கடல் மட்டத்திலேயே இருக்கும் வேலைகளுக்கு அந்த நாள். அன்று இரவு 11 மணிக்கு மலைக்குக் கிளம்பினால் 35 மணி நேர இடைவெளி கிடைத்துவிடும். ஏழாம் நாள் மதியம் திரும்பி, தூங்கி, எட்டாம் நாள் விமானம்.

மலையை முதலில் முடித்துவிட்டு டைவ் போனால் என்ன? நைட்ரஜன் கணக்கில் அதில் சிக்கல் இல்லை. ஆனால் இரவு முழுக்கத் தூங்காமல், தண்ணீர் வற்றி, தொடை வலியோடு ஒருவர் மறுநாள் காலை பவளப்பாறையின் மேல் டேங்க் சுமந்து நடக்கிறார். விழுவது அங்கேதான். அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தால் நடுவில் ஒரு முழு இரவுத் தூக்கம் அவசியம்.

இனி கடல். ஊரிலிருந்து கிளம்பும்போதே டைவ் சான்றிதழ், டைவ் பதிவேடு, மருத்துவக் கேள்விப்படிவம் மூன்றையும் பாருங்கள். படிவத்தில் ஆஸ்துமா, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை போன்ற ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுத நேர்ந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். அதை ஊரிலேயே வாங்கி வராவிட்டால் தஹாபில் ஒரு நாள் வீணாகும். டைவ் சென்டர் எகிப்தின் டைவிங் மற்றும் நீர்விளையாட்டு அமைப்பான சி.டி.டபிள்யூ.எஸ்-இல் பதிவானதா என்று கேளுங்கள். அதோடு, ஆக்சிஜன் கிட் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றும் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் டைவ் போக வேண்டாம். டைவ் விபத்துக் காப்பீடு தனியாக எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு, உடம்பில் குமிழி உண்டானவருக்குத் தரும் அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பணம் தருமா என்பதைப் பாலிசியின் சின்ன எழுத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

செங்கடலில் உப்பு அதிகம், அதனால் மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தைக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்பார்கள். உப்பு அதிகம் என்பது உண்மை: சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம், இங்கே 40 கிராமுக்கும் மேல். ஆனால் கணக்குப் போட்டால், சாமான்களோடு 90 லிட்டர் இடத்தை அடைக்கும் ஒருவருக்கு இதனால் கூடும் எடை அரை கிலோகூட வராது. எடையைக் கூட்டுவது, குளிர் தாக்காமல் போடும் ரப்பர் உடையான வெட்சூட்தான். புதுச்சேரியிலோ அந்தமானிலோ 3 மில்லிமீட்டரில் கற்றுக்கொண்டவர் இங்கே 5 மில்லிமீட்டர் போடுகிறார், அந்தத் தடிமன்தான் மிதக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர் 21, 22 டிகிரிக்கு இறங்கும். அப்போது 5 போதாமல் 7 கேட்பவர்களும் உண்டு. கோடையில் 27, 28 இருக்கும், 3 போதும்.

ஈயம் எவ்வளவு என்று ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள். ஆள் மூழ்கும் தண்ணீரில் செங்குத்தாக நின்று, மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யிலிருந்து காற்றை முழுக்க வெளியேற்றி, சாதாரண மூச்சைப் பிடித்தால் தண்ணீர்க்கோடு கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். டேங்க் நிறைந்திருக்கும்போது இதைச் செய்தால் மேலும் 2 கிலோ சேர்க்க வேண்டும். 12 லிட்டர் டேங்க் 200 பார் அழுத்தத்திலிருந்து 50 பாருக்கு இறங்கும்போது 1800 லிட்டர் காற்று போகிறது, அதன் எடை மட்டும் 2 கிலோவுக்குச் சற்று மேல். இதைச் சேர்க்காதவர்தான் டைவ் முடிவில், மேலே வரும் முன் நிற்கும் 5 மீட்டர் பாதுகாப்பு நிறுத்தத்தில் நிற்க முடியாமல் பந்துபோல் மேலே வருகிறார். அதற்குப் பயந்து நாலு கிலோ அதிகம் கட்டுபவர் அடியில் கிடந்து பவளத்தை உடைக்கிறார்.

கரையிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. படகிலிருந்து குதித்தே பழகியவர்களுக்கு இது புதிது. பி.சி.டி.யில் பாதிக்கு மேல் காற்று, முகமூடி முகத்தில், மூச்சுக்கருவியான ரெகுலேட்டர் வாயில், காலில் மாட்டும் துடுப்பான ஃபின் கையில். ஃபினைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு நடக்கவே கூடாது. தடித்த அடிப்பாகம் உள்ள பூட்ஸும், குதிகால் பக்கம் பட்டை உள்ள ஃபினும் வேண்டும். நீச்சல்குளத்து மெல்லிய ஃபின் இங்கே பயன்படாது. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடியே நகருங்கள். நீலப்புள்ளித் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அதிர்வு கேட்டால் விலகிப் போய்விடும். பாறைமேல் நடக்கும்போது துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு, அலை வந்து போகும் இடைவெளிக்குக் காத்திருங்கள். மார்பளவு தண்ணீர் வந்ததும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி ஃபின் மாட்டுங்கள். விழப்போகிறோம் என்று தோன்றினால் எதிர்த்து நிற்காமல் முன்பக்கமாகத் தண்ணீரில் படுத்துவிடுவது நல்லது. கையூன்றினால் கடல் முள்ளெலியின் மேல் ஊன்றுவீர்கள். பவளம் கீறிய காயம் லேசில் ஆறாது. அன்றே நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். நச்சு முள்ளுள்ள கல்மீனோ சிங்கமீனோ குத்தினால், தோல் வெந்துவிடாத அளவுக்குச் சூடான நீரில், சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி வெகுவாகக் குறையும். மருத்துவரிடம் போகும் வழியிலும் அதைத் தொடர வேண்டும்.

முதல் டைவ் லைட்ஹவுஸில். ஊருக்கு நடுவிலேயே இருக்கும் விரிகுடா, மணற்சரிவு, அமைதியான தண்ணீர். ஈயக் கணக்கைச் சரிபார்க்கவும், நெடுநாள் டைவ் போகாதவர் பழகவும் இதைவிட நல்ல இடம் தஹாபில் இல்லை. இரவு டைவுக்கும் இதுவே. டார்ச் வெளிச்சத்தைச் சிங்கமீன்கள் பின்தொடர்ந்து வந்து, நீங்கள் காட்டும் சின்ன மீனைப் பிடித்துத் தின்னும். அதனால் ஒரே மீன்மேல் வெளிச்சத்தை நிறுத்தி வைக்காதீர்கள். கொஞ்சம் வடக்கே ஈல் கார்டன். மணலில் நூற்றுக்கணக்கான தோட்ட விலாங்குகள் பாதி உடம்பை நீட்டி, நாற்றுபோல் ஆடிக்கொண்டிருக்கும். அருகே போனால் எல்லாம் ஒரே நொடியில் வளைக்குள் போய்விடும். ஐந்தாறு மீட்டருக்கு முன்பே நின்று, மெதுவாக மூச்சு விட்டுக் காத்திருந்தால் திரும்ப முளைக்கும். அவசரப்படுகிறவர் வெறும் மணலைப் பார்த்துவிட்டு வருவார்.

கேன்யன் என்பது பவளப்பாறைக்குள் ஓடும் ஒரு பிளவு. அதன் தளம் 30 மீட்டர் வரை போகும். மேலே சில இடங்கள் மூடியும் சில இடங்கள் கீறலாகத் திறந்தும் இருக்கும், வெளிச்சம் கீற்றுக்கீற்றாக இறங்கும். ஆரம்பச் சான்றிதழுக்கு அடுத்ததான அட்வான்ஸ்ட் சான்றிதழும், தவளைபோல் பக்கவாட்டில் உதைக்கும் பழக்கமும் வேண்டும். மேலும் கீழுமாக உதைத்தால் தளத்து மணல் கிளம்பி, பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. இரண்டு குழு ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் வெளியே காத்திருப்பதே மரியாதை.

ப்ளூ ஹோல் ஊருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர். 100 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் வட்டமான குழி, கரையிலிருந்து சில அடி தூரத்தில். ஷர்மிலிருந்து பேருந்துகள் வந்து சேரும் முன், காலை 8 மணிக்கே தண்ணீரில் இருக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு நுழைவு மேடையில் வரிசை நிற்கும், காற்றும் ஏறிவிடும். டைவ் போகாதவர்கள் கவலைப்பட வேண்டாம், குழியின் விளிம்பை ஒட்டி ஸ்னார்கல் அடித்தாலே செங்கடலின் மிக அழகான பவளச்சுவர் ஒன்றைப் பார்த்துவிடலாம். சன்ஸ்கிரீனை நம்புவதைவிட நீளக்கை நீச்சல் சட்டை நல்லது. முதுகும் காலின் பின்பக்கமும்தான் முதலில் வேகும்.

சான்றிதழ் உள்ளவர்கள் குழிக்குள் நேராக இறங்குவதில்லை. கொஞ்சம் வடக்கே பெல்ஸ் என்ற இடத்தில் தொடங்குவார்கள். பாறையில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு செங்குத்துப் பிளவு. ஒருவர் பின் ஒருவராக இறங்கினால் 26, 28 மீட்டரில் வெளிச்சுவருக்கு வருவீர்கள். தவறு நடப்பது இந்த இடத்தில். தலைகீழாக, பி.சி.டி.யில் காற்றே இல்லாமல் இறங்குகிறவர் வெளியே வரும்போது வெட்சூட் நசுங்கிக் கனமாகியிருப்பார். கீழே தளம் இல்லை, வெறும் நீலம். கண்ணுக்கு ஒப்பிட எதுவும் இல்லாததால் 30 தாண்டி 40 ஆவது தெரியாது. எனவே 15 மீட்டரிலேயே சின்னச் சின்னதாகக் காற்று சேர்த்துக்கொண்டே இறங்குங்கள். வெளியே வந்த உடனே ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பாருங்கள், காட்சியைப் பிறகு பார்க்கலாம்.

அங்கிருந்து சுவர் வலது தோள்பக்கம் இருக்கும்படி தெற்கே நீந்த வேண்டும். 28 மீட்டரில் காற்று வேகமாகக் கரையும்: மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு அங்கே 76 லிட்டர், அதாவது 12 லிட்டர் டேங்கில் நிமிடத்துக்கு 6 பாருக்கு மேல். ஆகவே ஆழத்தில் சில நிமிடங்களே இருந்துவிட்டு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போக வேண்டும். சேடில் எனப்படும் தாழ்வான விளிம்பு 6, 7 மீட்டரில் இருக்கும். அதைத் தாண்டிக் குழிக்குள் வந்து, குறுக்கே கடந்து கரையேறலாம். தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் அன்று இந்த வழி வேண்டாம். பெல்ஸ் வாயில் அலை அடித்தாலும் வேண்டாம். அந்த முடிவைக் கரையில் நின்று எடுங்கள், சாமான் மாட்டியாகிவிட்டதே என்று இறங்காதீர்கள்.

ப்ளூ ஹோலின் பக்கத்துப் பாறையில் இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. பலரின் முடிவுக்குக் காரணம் ஆர்ச். குழியிலிருந்து வெளிக்கடலுக்குத் திறக்கும் சுரங்கம் அது, மேல்விளிம்பு 55 மீட்டரை ஒட்டி, நீளம் சுமார் 26 மீட்டர். மறுபக்க வெளிச்சத்தால் அது பத்து மீட்டர்தான் என்று கண் ஏமாறும். அந்த ஆழத்தில் நைட்ரஜன் போதை புத்தியை மழுக்கும். அதே 20 லிட்டர் மூச்சு நிமிடத்துக்கு 130 லிட்டராகிவிடும், ஏற்றத்துக்கும் நிறுத்தங்களுக்கும் காற்று மிஞ்சாது. வாசலைத் தவறவிட்டவர் அதைத் தேடிக்கொண்டே இன்னும் கீழே போகிறார். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். ஒற்றை டேங்க், சாதாரணக் காற்றோடு "ஆர்ச்சுக்குக் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், அவரோடு வேறு டைவும் போகாதீர்கள். மூச்சடக்கி மூழ்குவோருக்கும் ஆபத்து குறைவல்ல. 2017-இல் இங்கே ஒரு ஃப்ரீடைவருக்குத் துணையாக இறங்கிய பாதுகாப்பு டைவர் ஸ்டீபன் கீனன், அவரை மேலே சேர்த்துவிட்டுத் தன் உயிரை விட்டார். ஃப்ரீடைவிங் கற்க உலகெங்கிலிருந்தும் தஹாபுக்கு வருகிறார்கள். கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் டேங்கோடு ஸ்கூபா டைவ் போன அதே நாளில் வேண்டாம், தனியாக ஒருபோதும் வேண்டாம்.

கோடையில் கிளாத்தி இனத்தின் பெரிய மீனான டைட்டன் டிரிக்கர் கூடு காக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. மேலே ஏறித் தப்ப நினைத்தால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். ஃபினை அதன் பக்கம் காட்டிக்கொண்டு கிடைமட்டமாக விலகுங்கள்.

டைவ் இல்லாத ஆறாம் நாளுக்கு இரண்டு நல்ல வேலைகள் உண்டு. ஒன்று லகூன். தஹாபின் வடக்குக் காற்று டைவருக்குத் தொல்லை, விண்ட்சர்ஃப் பலகைக்கு வரம். ஆழமில்லாத மணல்தளம், தொடங்குபவர்கள் 'பேபி பே' பகுதியில் இடுப்பளவு தண்ணீரில் விழுந்து விழுந்து கற்கலாம். மற்றொன்று ராஸ் அபு கலும். 1992 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. ப்ளூ ஹோலிலிருந்து கரையை ஒட்டி ஆறேழு கிலோமீட்டர், நடந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். பாதை கடல் மட்டத்திலேயே போவதால் நைட்ரஜன் கவலை இல்லை. ஆனால் நிழல் கிடையாது. தலைக்கு 2 லிட்டர் தண்ணீர், காலை 7 மணிக்குக் கிளம்புவது, மூடிய செருப்பு. ஒட்டகத்திலும் போகலாம், மோட்டார் படகிலும் போகலாம். அலை எழும்பிய மதியத்தில் உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள், நடந்தே திரும்பலாம். அங்கே கடைகளும் குடில்களும் நடத்துபவர்கள் முஸெய்னா குலத்துப் பெதுவின்கள், அதாவது பாலைவன அரபு மக்கள். மீன், சோறு, மூலிகை போட்ட இனிப்புத் தேநீர் கிடைக்கும். விலையை உட்காரும் முன் கேளுங்கள், படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள். பெண்களைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

இதே நாளில் 'பாலைவன ஜீப் சஃபாரி' என்று எதையாவது சேர்க்கத் தோன்றினால் முதலில் அது எவ்வளவு உயரம் போகிறது என்று கேளுங்கள். 600 மீட்டருக்கு மேல் என்றால் மலைக்குச் சொன்ன கணக்கே இதற்கும். ஊருக்குப் பக்கத்திலேயே தெற்கே இருக்கும் வாடி க்னாய் போன்ற தாழ்ந்த பள்ளத்தாக்கு, ஈச்சமரங்களோடு, போதுமான பாலைவனம்.

எந்த நாளானாலும் தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள். சென்னையில் வியர்வை சட்டையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். இங்கே காற்று அவ்வளவு வறண்டது, வியர்த்தது தெரியும் முன்பே உலர்ந்துவிடும். டேங்கில் இருக்கும் காற்றும் ஈரமில்லாதது. நாளுக்கு 3, 4 லிட்டர் குடிக்காதவரின் ரத்த ஓட்டம் மந்தமாகி, நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும். சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல். குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

மலைக்குக் கிளம்பும் இரவு கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. ஏறுவதற்கு ஜெபெலியா குலத்துப் பெதுவின் வழிகாட்டி கட்டாயம். ஒட்டகப் பாதை அகலமாக, சாய்வாக ஏறும். கடைசியில் சுமார் 750 கற்படிகள். 3750 படிகள் கொண்ட இன்னொரு பாதை நேரே செங்குத்து, அதை வெளிச்சத்தில் இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். தஹாபில் அரைக்கைச் சட்டையோடு இருந்தவர்கள் உச்சியில் நடுங்குவார்கள். குளிர்காலத்தில் அங்கே பனி உறையும். ஏறும்போது மெல்லிய உடை, பையில் காற்றுப் புகாத ஜாக்கெட், குல்லாய், உலர்ந்த பனியன் ஒன்று. உச்சியில் முதல் வேலை வியர்வைப் பனியனை மாற்றுவது. தலையில் கட்டும் டார்ச் வேண்டும், கையில் பிடிக்கும் டார்ச் படியில் உதவாது.

ஏறும்போது தோளிலோ முழங்கையிலோ ஆழமான வலி, கைகால் மரத்துப்போவது, தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு, ஏறிய களைப்புக்குப் பொருந்தாத சோர்வு இவற்றில் எது வந்தாலும், பை பட்டையின் வலி என்று தள்ளிவிடாதீர்கள். அது நைட்ரஜன் குமிழியின் அறிகுறியாக இருக்கலாம், இடைவெளி விட்டிருந்தாலும் வரலாம். உடனே கீழே இறங்க வேண்டும், சுத்த ஆக்சிஜன், படுத்த நிலை, அழுத்த அறை உள்ள மருத்துவமனை. ஷர்மில் அழுத்த அறை உண்டு. மறுபடி டைவ் போனால் சரியாகும் என்ற பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

இறங்கி வந்ததும் செயின்ட் கேத்தரின் மடாலயம். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டியது, 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. பார்வையாளர்களைக் காலையில் சில மணி நேரம் மட்டுமே அனுமதிக்கிறார்கள், வெள்ளியும் ஞாயிறும் பொதுவாக மூடியிருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஆகவே விமானச் சீட்டு எடுக்கும்போது இந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வியாழன் காலை மடாலயம் என்றால் மலைக்குக் கிளம்புவது புதன் இரவு, கடைசி டைவ் செவ்வாய் நண்பகல், முதல் டைவ் சனி. வந்து இறங்குவதும் திரும்பிப் பறப்பதும் வெள்ளிக்கிழமைகளில் அமையும்.